நாற்பத்து மூணு பேரும் சௌக்கியம்

இஸ்திரிக்காரர் பொய் சொல்லுவார்னு நான் கனவுலகூட நினைக்கல. பதினோரு வருஷமா அவர் குரலை மட்டும்தான் கேட்டிருக்கேன், ஆளைப் பார்த்ததில்ல. குரல் அப்படி இருக்கும். பின்னாடி ஈரத்துணி மேல பெட்டி ஓடுற சத்தம் கேக்கும், இவர் நிதானமா "நல்லா இருக்காரும்மா"ன்னு சொல்லுவார். நான் டிக் போட்டுருவேன்.

என் வேலையே அதுதான். குடல் கேன்சருக்கு எங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் பார்த்துட்டுப் போனவங்க இருக்காங்களா இல்லையான்னு வருஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டுக் கேக்கணும். இருக்காங்கன்னா ஒரு கட்டம், இல்லன்னா இன்னொரு கட்டம். ஒரு போனுக்கு மூணு நிமிஷம்தான். அதுக்கு மேல பேசினா சூப்பர்வைசர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னையே பார்ப்பார். ஊர் நடுவுல இருக்கிற பாலத்துக்கு மேற்கே நூத்துக்கு எத்தனை பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்க, கிழக்கே எத்தனை பேர்னு இதை வெச்சுத்தான் மேலிடத்துல கணக்குப் பார்ப்பாங்க.

கிழக்கே எல்லாம் வாடகை ரூம். ரூமுக்கு ஆறு பேர். அவங்க போன் நம்பர் மாசத்துக்கு ஒண்ணு மாறும். மாறாத நம்பர் இஸ்திரிக் கடைப் பலகையில பெயின்ட்ல எழுதியிருக்கிறது ஒண்ணுதான். ஆஸ்பத்திரி ஃபாரத்துல இன்னொரு நம்பர் குடுங்கன்னு ஒரு இடம் இருக்கும். அங்க மொத்தத் தெருவும் அவர் நம்பரையே எழுதிட்டுப் போயிருச்சு. நாற்பத்து மூணு பேர்.

சந்தேகமே வரலியான்னு கேக்காதீங்க, எரிச்சலா வரும். முதல் ரிங்லயே எடுக்கிற ஆளு, ஆஸ்பத்திரியம்மான்னு மரியாதையாப் பேசுற ஆளு, பதில் தெரியலன்னு ஒரு நாளும் சொல்லாத ஆளு. அந்தத் தெருவுக்குப் போன் பண்ற அன்னிக்கு பன்னெண்டு மணிக்கெல்லாம் என் வேலை முடிஞ்சிரும். கையில கிடைச்ச தங்கத்தை யாராவது உரசிப் பார்ப்பாங்களா?

வருஷம் ஏற ஏற அவரும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல ஆரம்பிச்சார். எலக்ட்ரீஷியனுக்கு மூட்டுவலி தேவலையாம். தையக்காரம்மா மகள் வீட்டுக்குப் போய் ஒரு சுத்துப் பெருத்துட்டாங்களாம். நூத்தி நாலு வயசான ரிட்டயர்டு வாத்தியார் இப்பத்தான் சைக்கிள்ல போனாராம். "பெடல் மிதிக்கிறாராண்ணே?"ன்னு கேட்டேன். "மிதிக்கிறாரும்மா, நான் பின்னாடி தள்ளிவிட்டேன்"னார். டிக் போட்டேன்.

கடைசியில கணக்கு வந்துச்சு. மேற்கே நூத்துக்கு அறுபத்தொண்ணு. கிழக்கே தொண்ணூத்தாறு. ஆஸ்பத்திரியே ஆடிப்போச்சு. எங்கிருந்தோ ஒரு பேராசிரியர் வேன் நிறைய காலி பாட்டிலோட வந்து இறங்கினார். பேர்ப் பட்டியல் என்கிட்டதான் இருக்குன்னு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க.

அன்னிக்குத்தான் அவரை நேர்ல பார்த்தேன். ஒல்லியா இருந்தார், பெட்டி பிடிச்சுப் பிடிச்சு வலது தோள் இறங்கியிருந்துச்சு. எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துண்டால மூணு தடவை துடைச்சார்.

"அந்த நூத்தி நாலு வயசுக்காரர் எங்க?"ன்னார் பேராசிரியர்.

"இப்பத்தான் கிளம்பினாருங்கய்யா."

"எலக்ட்ரீஷியன்?"

"வேலைக்குப் போயிருக்காருங்க."

"எண்பத்தொம்பது வயசுலயா?"

"சொன்னாக் கேட்டாத்தானே!"

பத்து மணிக்கு ஆரம்பிச்சு சாயந்திரம் நாலு வரைக்கும் பேராசிரியர் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். நாற்பத்து மூணு பேர்ல ஒருத்தர்கூட வீட்டுல இல்ல. அதை அப்படியே எழுதிக்கிட்டார். இந்த மக்கள் நோய்க்கு அப்புறமும் ஓயாம நடமாடுறாங்களாம், உயிரோட இருக்கிறதுக்கு அதுதான் காரணமாம். தெருக்குழாய்த் தண்ணியைப் பன்னெண்டு பாட்டில்ல பிடிச்சார். பெட்டியிலேருந்து வர்ற ஆவியையும் ஒரு பாட்டில்ல பிடிச்சு மூடினார். சத்தியமா!

அப்போ கடைக்குப் பின்னாடி திரையை விலக்கி இஸ்திரிக்காரர் சம்சாரம் என்னைக் கையசைச்சுக் கூப்பிட்டாங்க.

"ஏம்மா, அந்த மனுஷன் இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பாரு? யாரும் வரமாட்டாங்க. எல்லாரும் செத்து வருஷக்கணக்காச்சு."

"எல்லாரும்னா?"

"நாற்பத்து மூணு பேரும்தான். இவர் தோள் குடுக்காத பாடையே இல்ல."

அவங்க அதோட விடல. குரலை இறக்கினாங்க. "எட்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது. உங்க ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லிப் பேர் குடுத்தேன். கிழக்குன்னு சொன்னதும் சிரிக்கிறாங்க. உங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பதினாலு மாசம் கழிச்சு வாங்கங்கறாங்க. எனக்கு பயமா இருக்கும்மா."

நான் வெளிய வந்து கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்துச்சு. "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? ஏன்?"

அவர் பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டு என்னைப் பாவமாப் பார்த்தார். "நீங்க வைத்தியம் பார்த்து அனுப்பின ஆளு. வருஷா வருஷம் மறக்காம அக்கறையாக் கேக்குறீங்க. செத்துட்டாருன்னு சொன்னா உங்க மனசு என்ன பாடுபடும்?"

நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. கட்டத்துல டிக் போடுறவ. அதை அவர்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

பேராசிரியர்கிட்ட ஓடினேன். "சார், யாருமே உசுரோட இல்ல சார்."

எழுதுறதை நிறுத்தாமலே, "இல்லம்மா, கணக்கு அப்படிச் சொல்லலியே"ன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தா சூப்பர்வைசர் விதிப் புத்தகத்தைத் தூக்கிட்டு வர்றார். போட்ட டிக்கை மாத்தணும்னா, யார் "இருக்காங்க"ன்னு சொன்னாங்களோ, அவங்களே அதே நம்பர்லேருந்து "இல்ல"ன்னு சொல்லணுமாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி போன். எல்லாம் ரெக்கார்டு ஆகணும்.

ரெண்டு நாள் பண்ணினோம். நான் பேர் சொல்லுவேன், அவர் சொல்லணும். முதல் பேருக்கே அவருக்கு வாய் வரல. "அவரு... கஞ்சி போட்டா கழுத்து அரிக்குதும்பாரும்மா." அது போதாதுண்ணே, சொல்லுங்க. "இறந்துட்டாரு." அடுத்தது. "இந்தம்மா புடவை ஒண்ணு இன்னும் என்கிட்டயே இருக்கு." சொல்லுங்கண்ணே. "இறந்துட்டாங்க." பத்தொம்பதாவது பேருக்கு வாய்விட்டு அழுதுட்டார். அவர் சம்சாரம் போனைப் பிடுங்கி, "செத்தாச்சு, அடுத்த பேரைச் சொல்லுங்க"ன்னாங்க. அது செல்லாது, அவர் குரல்ல வரணும்னு நான் சொல்லவேண்டியதாப் போச்சு. வாத்தியார் பேருக்கு மட்டும் அவர் சைக்கிள் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லி மூணு நிமிஷத்தைத் தாண்டிட்டார். சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கினார். பார்த்துக்குங்க சார்னு நானும் திருப்பி முறைச்சேன்.

கிழக்கே தொண்ணூத்தாறு போய் இருபத்தேழு ஆச்சு. ஆனா கம்ப்யூட்டருக்கு செத்த தேதி தெரியாதே. சொன்ன தேதியையே எடுத்துக்குச்சு. ஒரே தெருவுல ரெண்டு நாள்ல நாற்பத்து மூணு சாவு! மறுநாள் காலையில முகமூடி மாட்டிக்கிட்டு ஒரு கூட்டம் வந்து தெரு முழுக்க மருந்து அடிச்சுது. இஸ்திரிக்காரர் மேலயும் அடிச்சுது, அயர்ன் பண்ணி அடுக்கின சட்டை மேலயும் அடிச்சுது. உயிரோட இருக்கிறவங்களைத் தெருவுல நிக்கவெச்சு எண்ணினாங்க. பதினோரு வருஷமா எட்டிப்பார்க்காத பரிசோதனை வேன், அந்த வாரமே இஸ்திரிக் கடை வாசல்ல வந்து நின்னுச்சு. முதல் ஆளா அவர் சம்சாரத்தை நானே ஏத்திவிட்டேன்.

இருந்துச்சு. குடல் சுவரைத் தாண்டி வெளிய வந்திருந்துச்சு. "முதல்ல ரத்தம் பார்த்தப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதேம்மா"ன்னார் டாக்டர். திட்டல, சும்மாதான் சொன்னார். அதுதான் தாங்கல.

ஆபரேஷன் அன்னிக்கு வராண்டா பெஞ்சுல மூணு பேரும் உட்கார்ந்திருந்தோம். நடுவுல அவங்க, ஆஸ்பத்திரி கவுன்ல. இஸ்திரிக்காரர் அந்த கவுனோட சுருக்கத்தை உள்ளங்கையால நீவிக்கிட்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காம கேட்டார்.

"நான் சொன்ன பொய்யாலதானேம்மா இவளுக்கு இப்படி?"

இல்லண்ணேன்னு சொல்ல வாய் திறந்தேன். பதினோரு வருஷமா அவர் எனக்குச் செஞ்ச மரியாதை அதுதானே. ஆனா முடியல.

"ஆமாண்ணே. பாதி உங்களால. பாதி என்னால. ஒரு தடவை பாலத்தைத் தாண்டி வந்து பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ரெண்டு பேருக்கும் கண்ணு நிறைஞ்சு வழியுது.

நடுவுல இருந்தவங்க அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "பங்கு பிரிச்சு முடிச்சாச்சா? அந்த நர்ஸுப் பொண்ணு ஆபரேஷன் சம்மத ஃபாரத்தை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்குது. யாராவது ஒருத்தர் கையெழுத்தைப் போடுங்க, நான் உசுரோட இருக்கணும்."