கோட்டின் மேல் எவன் வீடு கட்டுவான்?

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை நான் மறைத்ததில்லை. மறைத்தது வேறொன்று. உங்களில் மூத்தவளுக்கு மட்டும் அது தெரியும். அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அப்போது கிள்ளானில் ஒரு மரச்சாமான் கடைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். காஜாங்கோ சுங்கை பூலோவோ, எங்கே அலமாரி இறக்கச் சொன்னாலும் ஓர் ஆளிடமும் வழி கேட்க மாட்டேன். சீட்டுக்குப் பக்கத்திலேயே சாலை வரைபடப் புத்தகம் இருக்கும். பக்கமெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். எந்தக் கட்டம் என்று பார்த்தால் போதும், தெரு அதற்குள் கிடைத்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மூத்தவள் அப்போது இரண்டாம் படிவம், பதினான்கு வயது. ஒருநாள் சாயங்காலம் கணக்குப் பாடத்துக்கான கட்டம் போட்ட வரைபடத் தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, இதுல மூணு, ரெண்டுன்னு இருக்கு. இந்தப் புள்ளிய எங்க வைக்கறது? கோடும் கோடும் சேர்ற எடத்துலன்னு டீச்சர் சொன்ன மாதிரி இருக்கு.”

“கோடு சும்மா பிரிக்கறதுக்குலா. கோட்டு மேல எவன் வீடு கட்டுவான்? மூணாவது கட்டம், கீழேருந்து ரெண்டாவது. நடுவுல வை.”

“அப்ப கோசோங், நாலு?”

பூஜ்ஜியத்தை இங்கே நாம் அப்படித்தானே சொல்வோம். என் புத்தகத்தில் கட்டங்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். நான் சிரித்துவிட்டேன்.

“கோசோங்குக்கு எவனும் அலமாரி அனுப்பறதில்ல. அச்சுல தப்பு விட்டிருக்கான். ஒண்ணுன்னு மாத்திக்க.”

அவள் நம்பினாள். அப்பா வழி தவறிப் பார்த்ததில்லையே.

அடுத்த மாதம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். ஆசிரியை நம் தமிழ்ப் பெண்தான். பக்கத்து நாற்காலிகளில் டை கட்டிய இரண்டு அப்பாக்கள் காத்திருந்தார்கள். மூத்தவள் மேசை ஓரமாக நின்றாள்.

“வடிவம் ஓரளவு சரியாத்தான் வந்திருக்கு, பாருங்க. ஆனா எல்லாப் புள்ளியும் கட்டத்துக்குள்ள கெடக்கு. அது பரவால்ல, புரியாம செஞ்சது. இது என்னா?”

கேள்வித்தாளில் இருந்த பூஜ்ஜியத்தைப் பேனாவால் அடித்து, ஒன்று என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ‘அச்சுப் பிழை’ என்று மலாய் மொழியில் குறிப்பு வேறு.

“எனக்கே பாடம் எடுக்கறா உங்க மக! கணக்குப் போட்டிக்கு இவ பேரத்தான் மொதல்ல எழுதினேன். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. சொன்னா விட்டுர்றேன்.”

பிறகு ஒரு தாளில் இரண்டு கோடு போட்டார். “இது படுத்திருக்கற அச்சு, இது நிக்கற அச்சு. ரெண்டும் வெட்டிக்கற எடம் ஆதிப்புள்ளி. இங்கேருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தோம்னுதான் பார்க்கணும், எத்தனாவது கட்டம்னு இல்ல. பூஜ்ஜியம்னா அந்தப் பக்கம் நகரவே இல்லன்னு அர்த்தம்.”

அவளுக்குச் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் கடை வாசலில் லோரியைக் கிளப்புமுன் தூர மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் புறப்படுவேன். கடை வாசல்தான் பூஜ்ஜியம். எனக்குத் தெரிந்ததுதான் இது.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “நானாத்தான் செஞ்சேன் டீச்சர்,” என்றாள்.

‘நான்தான் டீச்சர்’ என்று இரண்டு வார்த்தை. அந்த டை கட்டிய ஆட்கள் காதில் விழுமே என்று விழுங்கினேன். விழுங்கியதோடு விடவில்லை. “டீச்சர் சொல்றத கவனமா கேக்கணும்மா,” என்று அவளுக்குப் புத்தி வேறு சொன்னேன். என் கண் முன்னால் ஆசிரியை போட்டிப் பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார்.

வெளியே வந்ததும், “நீங்க வேலைக்குப் போங்கப்பா, லேட்டாயிரும்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்றும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. அவள் இல்லாமலே போட்டி நடந்து முடிந்தது.

பள்ளிக்குப் போய் வந்த அன்று மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டிலை இறக்கிவிட்டு, பக்கத்துப் புத்தகக் கடையில் வரைபடத் தாள் ஒன்று வாங்கினேன். லோரிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாலை வரைபடப் புத்தகத்தை மடியில் பலகையாக வைத்து, இரண்டு அச்சும் போட்டேன். அவை வெட்டிக்கொண்ட இடத்தில் பென்சில் முனையை வைத்தேன். கோசோங் என்பதால் வலப்பக்கம் நகரவில்லை. நாலு கோடு மேலே ஏறி, கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தேன்.