கத்தரிப்பூப் புடவைக்கு இடமில்லை

சென்ற வாரம் என் பேரன் ஜோயல் வேலை கிடைத்துப் புனேவுக்குக் கிளம்பினான். அடையாறு வீட்டுக் கூடத்தில் அவன் பெட்டி திறந்து கிடந்தது. சட்டைகளைப் பாய் போலச் சுருட்டி ஜிப் வைத்த சின்னச் சின்ன வலைப் பைகளில் போட்டான். கம்பளி உடைகளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் திணித்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மாதிரி ஒன்றை வைத்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தான். ஸ்வெட்டர் அப்பளமாகிவிட்டது. மேலே கிடந்த சட்டையின் காலர் மடங்கியிருந்தது. சரிசெய்யலாம் என்று குனிந்தேன்.

“தாத்தா, கையை எடுங்க. உங்களைப் பெட்டிகிட்ட விடக்கூடாதுன்னு பாட்டி சொல்லியிருக்காங்க.”

சமையலறையில் ரெஜினா சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்து வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினேன். ஆனால் அந்தப் பெட்டியின் புது வாசனை கூடவே வந்தது. ரப்பரும் பசையும் கலந்த வாசனை. என் முதல் பெட்டிக்கும் ஏறக்குறைய அதே வாசனைதான்.

அதைப் பாண்டி பஜார் நடைபாதைக் கடையில் வாங்கினேன். அப்போதுதான் தணிக்கைத் துறையில் சேர்ந்திருந்தேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர் வாசம். பெட்டி தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டது என் தப்பு. மனிதர் அதைத் தரையில் வைத்து, “ஏறி நில்லு சார். உட்ஞ்சா துட்டே வாணாம்” என்றார். எம்.ஏ. படித்தவன், பாலிஷ் போட்ட ஷூவோடு, பாண்டி பஜார் நடுவில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றேன். “குதி சார், சும்மா குதி” என்றார் அவர். குதிக்கவும் செய்தேன். பூ வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தங்கல் விடுதிகளில் வாழ்ந்து வாழ்ந்து பெட்டி அடுக்குவதில் கைதேர்ந்துவிட்டேன். ஷூவுக்குள் சாக்ஸ். பனியன்கள் சுருட்டி ஓரங்களில். கடைசி நாள் போடுகிற சட்டை அடியில், முதல் நாளுடையது மேலே. காலரும் காலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் சட்டைகளைத் தலைமாற்றி வைக்க வேண்டும். பட்டுப் புடவையை இருந்த மடிப்பிலேயே வைக்கக்கூடாது, பிரித்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை உடையும். இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன் பாருங்கள், அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை.

கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு எங்கள் சாந்தோம் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. பயணத்துக்கு முந்தின சாயங்காலம் நான் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவேன். ஆளாளுக்குத் தங்கள் துணிகளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, “இது எதுக்கு?” என்பேன். காரணம் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுப்பேன். அலுவலகத்தில் செலவை வெட்டுகிறவன் வீட்டில் பாவாடையை வெட்டினேன். மகள் அழுவாள். “உங்க அப்பா ஏர்போர்ட்ல பெட்டி சோதிக்கப் போக வேண்டியவரு, வழி தவறி நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு” என்பாள் ரெஜினா. கேலி செய்வாளே தவிர அவளும் வரிசையில் நிற்பாள். அந்தச் சாயங்காலங்கள் கலகலப்பாகவே இருந்தன. துணியோடு துணியாகக் கொஞ்சம் முறுக்கும் பெட்டிக்குள் போகும்.

ரெஜினாவின் தங்கை ஸ்டெல்லா கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். அதற்கு முன்பு கொஞ்ச காலம் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். முதல் சம்பளத்தில் தி. நகரில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு எடுத்தாள். ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்குக் கட்டினாள். மடத்துக்குப் போகிறபோது தன் புடவைகளையெல்லாம் சொந்தக்காரப் பெண்களுக்குப் பங்கிட்டுவிட்டு, இதை மட்டும் அக்காள் கையில் கொடுத்தாள்.

“என் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இதைக் கட்டிட்டு வாக்கா. நான் வெள்ளையில நிப்பேன். நீ இதுல நில்லு, நான் பாக்கணும்.”

கன்னியராக முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படும் அந்த நாள் வர வெகு காலமாகும். அதுவரை ரெஜினா அந்தப் புடவையை ஒரு கல்யாணத்துக்கும் கட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பு மாற்றி, திரும்ப வைப்பாள்.

நாள் வந்தது. குன்னூரில் பூசை. பயணத்துக்கு முந்தின சாயங்காலம் நான் வழக்கம்போல உட்கார்ந்தேன். ரெஜினா இரண்டு பட்டுகளைக் கொண்டுவந்தாள். ஒன்று கத்தரிப்பூ. மற்றது அரக்கு நிறம், நான் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

“எதுக்கு ரெண்டு?”

“அரக்கு மறுநாள் நன்றிப் பூசைக்கு. கத்தரிப்பூ ஸ்டெல்லாவோடதுங்க. ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு, இருக்கு. வை.”

அவள் ரயிலுக்குப் புளிசாதம் கிளற உள்ளே போனாள். நான் அடுக்கி முடித்தேன். அப்போதுதான் என் கோட்டு நினைவுக்கு வந்தது. லஸ் பக்கம் ஒரு தையல்காரரிடம் புதிதாகத் தைத்தது. ஆயர் வருகிறார், படம் எடுப்பார்கள், குளிர் ஊர் வேறு. மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போக முடியாது. பெட்டியிலோ, கோட்டை இரண்டாக மடிக்கக்கூடாது; மேல் அடுக்கு முழுவதும் அதற்கே வேண்டும். ஏதாவது ஒன்று வெளியே வர வேண்டும்.

இரண்டு பட்டையும் கையில் எடுத்தேன். நான் வாங்கிக் கொடுத்ததை உள்ளே வைத்தேன். மற்றதைப் பீரோவில், போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். மறந்துபோய்ச் செய்ததாகப் பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. ரயிலில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரயிலிலும் சொல்லவில்லை.

ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “இன்னா சார், வூட்டையே தூக்கிக்கினு போறியா?” என்றார். எல்லோரோடும் ரெஜினாவும் சிரித்தாள்.

பூசை அன்று காலை, மடத்தின் விருந்தினர் அறையில் அவள் பெட்டியைத் திறந்தாள். கோட்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அடி தெரிந்ததும், எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்கினாள்.

“கத்தரிப்பூ எங்கங்க?”

“கோட்டுக்கு இடம் வேண்டியிருந்தது. இதுவும் பட்டுதானே.”

அவள் எழுந்தாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

பூசை முடிந்து ஸ்டெல்லா தோட்டத்துக்கு வந்தாள். வெள்ளை உடுப்பு, கையில் புது மோதிரம். கூட்டத்தில் அக்காளைத் தேடிக் கண்டுபிடித்து, தோளிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“கத்தரிப்பூ எங்கக்கா?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். ரெஜினா என் பக்கம் திரும்பவில்லை.

“மடிப்புல இத்துப்போச்சுடி. எடுத்தா கையோட வருது.”

“போகட்டும்க்கா. பட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்” என்றாள் ஸ்டெல்லா. பிறகு என்னைப் பார்த்து, “அத்தான், கோட்டு நல்லாயிருக்கு” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மனதாரத்தான் சொன்னாள். நான் போய் ஆயருக்குப் பக்கத்தில் படத்துக்கு நின்றேன்.

ஊருக்குத் திரும்பிய வாரம் ரெஜினா அந்தப் பொய்க்காகக் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற நான் வேறு என்னென்னவோ சொன்னேன், இதைச் சொல்லவில்லை. இத்துப்போயிற்று என்று சொன்ன புடவையை அவள் இனி எப்படிக் கட்டுவாள்? நல்ல பட்டு, ஒரு இழைகூடப் பிரியாதது, பெசன்ட் நகரில் மாதாவுக்குச் சாத்தக் கொடுத்துவிட்டாள். ஸ்டெல்லாவை வடகிழக்கில் ஒரு மலை ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த தடவை வரும்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

குன்னூருக்குப் பிறகு நாங்கள் போன முதல் பயணம் ஒரு கல்யாணத்துக்கு. முந்தின சாயங்காலம் கூடத்தில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். ரெஜினா வரும்போது அவள் கையில் ஒரு ரெக்சின் பை இருந்தது, ஏற்கெனவே மூடியிருந்தது. அதைக் கதவோரம் வைத்தாள்.

“என்னுது ஆச்சுங்க. நீங்க உங்களுதைப் பாருங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போனோம், சந்தோஷமாகவே போனோம். பிள்ளைகளும் வளர வளரத் தங்கள் பைகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். இப்போது பயணம் என்றால் அவரவர் அறையில் அவரவர் வேலை. நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவள் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம் கேட்கும். என்ன எடுத்து வைத்திருக்கிறாள் என்று ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.