லாசரஸ் செய்யாத வண்டி

பம்மலில் லாசரஸின் பட்டறைக்குள் எந்த மோட்டார் சைக்கிள் நுழைந்தாலும் முதலில் அதன் டேங்கின் மேல் ஒரு கோணிப்பை விழும். வண்டிக்காரர் இன்ன வண்டி என்று சொல்ல வாயெடுத்தால் லாசரஸின் கை உயரும். "நீ சொல்லாத சார், வண்டியே சொல்லும்." டேங்கில் எழுதியிருக்கும் பெயரை அவர் நம்புவதில்லை. "டேங்குல எவன் வேணா எத வேணா எழுதலாம். ஆட்டோ பின்னாடி 'உண்மையே பேசு'ன்னு எழுதிகினுதான் போறான். மீட்டருக்கு மேல கேக்காம வுடறானா?"

கோணியைப் போட்ட பிறகு குந்தி உட்கார்ந்து, நூலில் கட்டிய ஒரு காந்தத் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பார். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. அதை வண்டியின் உடம்பெல்லாம் தொங்கவிட்டுக்கொண்டே போவார். இரும்பில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது, அடிபட்டுப் பூசி மெழுகிய இடத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் நழுவும். "டாக்டர் ஒருத்தர் வைத்திருந்த வண்டி" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கி வந்தவர்களின் முகம் அந்த நேரத்தில் பார்க்கச் சகிக்காது. லாசரஸுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

வயது நாற்பத்தெட்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் சுமந்தவர். மெக்கானிக்குகள் எல்லாம் காக்கியில் நிற்க, இவர் மட்டும் தினமும் துவைத்த வெள்ளைச் சட்டையில் வருவார். "எங்க ஒழுகுதுன்னு சட்ட சொல்லிடும் சார்" என்பார். சாயங்காலம் அந்தச் சட்டையைத் துவைக்கும் அவர் மனைவி அமலராணியிடம், கறை போகாவிட்டால் உங்கள் மேல் கோபிப்பாரா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவரு கோவமெல்லாம் நட்டு போல்ட்டு மேலதாங்க. கொழம்புல உப்பு இல்லன்னாகூட வாயத் தொறக்க மாட்டாரு" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

நட்டு போல்ட்டு மேல் அவருக்கு வரும் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். அளவு சேராத ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை மழுங்கடித்தவனைத் தெருவரைக்கும் துரத்துவார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்கவேண்டும். அதைக் கண்ணளவில் ஊற்றுகிறவன் அவருக்குக் கொலைகாரன். மருந்து ஊற்றும் கண்ணாடி அளவையால் அளந்துதான் ஊற்றுவார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன உலை இருக்கிறது. கிடைக்காத சாமான்களை அலுமினியத்தில் அவரே வார்த்துவிடுவார். அப்படி வார்த்த ஒவ்வொன்றின் மேலும், பிரேக் பிடியோ, ஒரு சின்ன மூடியோ, 'ல' என்று ஓர் எழுத்தை அடித்துவிடுவார். அழகுக்காகவா என்று கேட்டேன். "அழகா? நாளைக்கு எவனாவது இத கம்பெனி சாமான்னு சொல்லி விக்கக் கூடாது சார். அதுக்கு."

இப்படிப்பட்ட மனிதரை ஒருவர் போலி வண்டி செய்தவர் என்று சொன்னார். அதை எழுதத்தான் இன்று பேனாவைத் திறந்தேன். அதற்கு என் வண்டியும் காரணம் என்பதால் முதலில் அதைச் சொல்லவேண்டும்.

நான் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் குமாஸ்தா, வீடு குரோம்பேட்டையில். எங்கள் பழைய மேலாளர் ஒரு வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிய ஏரிகளுக்குள் ஒரு மோட்டார் சைக்கிளைப் புழுதி பறக்க ஓட்டுவார். ரோட்டுக்குக் கொண்டுவராத வண்டி என்பதால் அதற்கு அவர் நம்பரே வாங்கவில்லை. அறுபத்து மூன்றில் அவர் ஊர் திரும்பியபோது அது கிடங்கில், தோலுக்குப் போடும் உப்பு மூட்டைகளுக்கு நடுவே தங்கிவிட்டது. போன வருஷம், எழுபத்திரண்டில், கிடங்கை இடித்தார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். டேங்கில் யாரோ ஜாவா என்று எழுதியிருந்தார்கள். நானும் தெரு முழுக்க ஜாவா என்றே சொல்லிவைத்தேன்.

அதோடு நின்றேனா? வீட்டருகில் சைக்கிள் கடை வைத்திருப்பவரை அழைத்து, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காந்தச் சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னேன். பளபளவென்று துடைத்த சக்கரம் மூன்று வாரம் என் ஜன்னலில் இருந்தது. பிறகுதான் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு லாசரஸிடம் போய், சக்கரத்தின் கதையைச் சொன்னேன்.

"இத கழட்டச் சொல்லோ கீப்பர் போட்டியா?" என்றார்.

"கீப்பர் என்றால்?"

அதுவரை சார் என்று கூப்பிட்டவர் அன்று அதை மறந்தார். "காந்தத்த வெளில எடுத்தா அந்த நிமிஷமே இரும்புத் துண்ட வச்சி மூடணும்யா! தொறந்து போட்டா காந்தம் செத்துப்பூடும். மூணு வாரம் ஜன்னல்ல வச்சிகினு இருந்தியே, இன்னா, காத்து வாங்கவா? ஒம்போது வருசம் துருவுல கெடந்து சாவாதத நீ மூணு வாரத்துல சாவடிச்சிட்டே!" பக்கத்துத் தோல் பதனிடும் பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திட்டி முடித்ததும் கோணியைப் போட்டார். காந்தத் துண்டு வண்டியின் மேல் ஊர்ந்தது. முன் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே, மற்ற வண்டிகளில் குழாய் இருக்கும் இடத்தில், இதில் உத்திரம் போலக் கனத்த ஒரு துண்டு இறங்கியது. அங்கே வந்ததும் காந்தம் ஒட்டாமல் தொங்கியது. நகத்தளவு பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று மின்னியது.

"சேசியே வார்ப்பு சார். அலுமினியம்." குரலில் கோபம் போன இடம் தெரியவில்லை. "இது ஜாவா இல்ல. இன்னான்னு எனக்கும் தெரியல."

தெரியவில்லை என்று ஒரு மெக்கானிக் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகள் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் ரயிலேறி மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளைக் கிளறினார். நாலாவது ஞாயிறு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அட்டை இல்லாத ஓர் ஆங்கில மோட்டார் பத்திரிகை, கசங்கக் கூடாதென்று வேதபுத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சேற்றில் குளித்த ஒருவன் வண்டியோடு அந்தரத்தில் பறக்கும் படம். முன்னால் அதே உத்திரம். கீழே பெயர் இருந்தது: கிரீவ்ஸ். இங்கிலாந்து வண்டி, மேட்டிலும் சேற்றிலும் பந்தயம் விடுவதற்கென்றே செய்தது.

அப்புறம் ஐந்து மாதம். இறுகிப்போன பிஸ்டனைச் சுத்தியலால் தட்டாமல், மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்து இளக்கினார். நான் கொன்ற காந்தத்தை ஒலிபெருக்கி சரிசெய்யும் ஒரு பெரியவரிடம் மவுண்ட் ரோட்டுக்கு எடுத்துப்போய் உயிர் ஏற்றிவந்தார், இந்தத் தடவை இரும்பு வளையம் போட்டு மூடி. எஞ்சின் எண் துருவில் மங்கியிருந்தது. யாரும் கஷ்டப்படாமல் படிக்கட்டுமே என்று பள்ளங்களில் வெள்ளை பெயிண்ட் நிரப்பினார். ரோட்டு விதிக்காக விளக்கு மாட்டும் கொக்கி, செயின் மூடி, பிரேக் பிடி எல்லாம் வார்த்துப் பூட்டினார். எல்லாவற்றிலும் 'ல'. ஏப்ரல் மாத மத்தியானம் ஒன்றில் ஏழாவது உதையில் அது கிளம்பியபோது பட்டறை முழுக்க நீலப் புகை. லாசரஸ் அந்தப் புகைக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

நம்பர் வாங்கவேண்டுமே. மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலில் வண்டிகளைப் பரிசோதித்தார்கள். வண்டியை மறுபடியும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். திரும்பும்போது ஓட்டிக்கொண்டே வரலாம் என்ற தைரியத்தில் வண்டிக்காரரை அனுப்பிவிட்டோம்.

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் கையில், நம்பர் கொடுக்கக்கூடிய வண்டிகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். அதில் கிரீவ்ஸ் இல்லை. இல்லாததால் உலகத்திலேயே இல்லை. பேனாவால் சேசிஸைத் தட்டிப் பார்த்தார். லாசரஸின் உலையைப் பற்றி யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"பேரீச்சம்பழத்துக்குப் போடற அலுமினியத்தை உருக்கி ஊத்தியிருக்கே. எஞ்சின் நம்பரும் புதுசா வெள்ளையா இருக்கு. நீயே அடிச்சதுதானே?"

"நான் செஞ்சதுலெல்லாம் என் முத்திர கீது சார்" என்று லாசரஸ் ஒவ்வொன்றாகக் காட்டினார். "சேசில கீதா, நீங்களே பாருங்க."

"அதுல அடிச்சா மாட்டிக்குவேன்னு அடிக்காம விட்டிருக்கே."

லாசரஸ் பத்திரிகையை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓஹோ, இதைப் பாத்துத்தான் செஞ்சியா?"

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இங்கே பாலைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்ன பிறகும் கள் என்கிறார் ஒருவர்! எனக்கு ரத்தம் கொதித்தது. குமாஸ்தா ரத்தம், உள்ளுக்குள்தான் கொதிக்கும்.

"இந்த வார்ப்பு நடுரோட்டுல முறிஞ்சா நாலு பேர் சாவான், தெரியுமில்லே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

லாசரஸ் வண்டியில் ஏறி உதைத்தார். பொட்டலுக்குப் பின்னால் வற்றிக் கிடந்த ஏரியின் கரை, ஓராள் உயரத்துக்கு மேல் இருக்கும். நேராக அதன் மேல் ஏறி, மறுபக்கம் மறைந்தார். சத்தம் மட்டும் ஏரிக்குள் சுற்றி வந்தது. திடீரென்று கரை மேல் வெள்ளைச் சட்டை தெரிந்தது. இரண்டு சக்கரமும் தரையில் இல்லை. தடாலென்று பொட்டலில் விழுந்து, சாயாமல் ஓடிவந்து இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் நின்றார். லைசென்சுக்குக் காத்திருந்த கூட்டம் கை தட்டியது.

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு சேசிஸின் அடியெல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, மனசாரச் சொன்னார்: "கெட்டியாத்தான்யா செஞ்சிருக்கே!"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உதவிதான் செய்ய வந்தார். ஒரு தாளில் மளமளவென்று எழுதினார்: உள்ளூரில் கட்டிய வண்டி, கட்டியவர் பம்மல் லாசரஸ். "நான்தான் செய்தேன்னு கையெழுத்துப் போடு. நம்பர் இப்பவே தர்றேன், போலி நம்பர் கேஸும் எழுதலே. போடலேன்னா வண்டி ரோட்டுக்கு வராது. உன் பட்டறைக்கு போலீஸ் வரும்."

பேனாவை நீட்டினார். லாசரஸ் வாங்கிக்கொண்டார். தாளைப் படித்தார். படித்துக்கொண்டே இருந்தார்.

இங்கே நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். "போட்டுடுங்க லாசரஸ், ஒரு கையெழுத்துதானே" என்றேன். ஐந்து மாதமாக அந்த வண்டியில் ஆபீசுக்குப் போவதாகக் கனவு கண்டவன் நான். அவருக்குப் பட்டறை நிலைக்கவேண்டும், எனக்கு வண்டி வேண்டும், இரண்டும் பேனாவின் ஒரு கோட்டில் முடிகிறதே என்று பட்டது.

என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரலே உயரவில்லை. "இத செஞ்சவன் எங்கியோ ஒருத்தன் கீறான் சார். அவன் கைவேல இது. நான் செஞ்சேன்னு எழுதிக் குட்த்தா, இந்த ஐயா சொன்னது அப்ப நெசமாப்பூடும் இல்ல?"

பேனாவின் மூடியைத் திருகி மூடி, தாளின் மேல் வைத்தார். "போலீஸ் வரட்டும் சார். பட்டற தொறந்துதான் கீது."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. நிராகரிக்கப்பட்டது என்று சிவப்பு மையில் எழுதி என் கையில் கொடுத்தார்.

திருச்சிக்குப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தோம். மத்தியானம் ஒரு மணி, தார் இளகிக்கொண்டிருந்தது. லாசரஸ் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். டேங்கில் பெட்ரோல் இருந்தது, எஞ்சினில் சூடு இருந்தது, பல்லாவரம் இரண்டு மைல் இருந்தது. "ஏறி ஓட்டுங்க, பின்னால் உட்கார்ந்துக்கிறேன். யார் பார்க்கப் போறா?" என்றேன்.

"நம்பர் இல்லாத வண்டிய ரோட்ல ஓட்டக் கூடாது சார்."

நான் பின்னாலிருந்து தள்ளினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. பல்லாவரத்தில் பம்மல் ரோட்டுக்கு வலப்பக்கம் திரும்பும் இடம் வந்தது. லாசரஸ் நின்றார். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். இடது கையால் வண்டியைத் தாங்கிக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவர்கள் திரும்புமுன் சைகை காட்டுவதுபோல வலது கையைத் தோள் உயரத்துக்கு விறைப்பாக நீட்டினார். பின்னால் வந்த லாரி வேகம் குறைந்து நிற்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.