பச்சை டீசலும் மலக்கி ட்ரெய்னரும்

பிப்ரவரி 18: வெள்ளை 24.00, பச்சை 24.00, ஃபெலிம் 24.00.
மார்ச் 4: 24.01, 24.01, 24.36.
மார்ச் 18: 24.02, 24.01, 24.80.
ஏப்ரல் 1: 24.02, 24.02, 25.27.
ஏப்ரல் 15: 24.02, 24.02, 25.61.

சாக்கட்டியைக் காதின்மேல் செருகிக்கொண்டு, மலக்கி ட்ரெய்னர் இரண்டடி பின்னால் நகர்ந்து பட்டறைக் கதவைப் பார்த்தார். கதவின் உட்புறம் முழுக்க அவர் கையெழுத்துதான். ஜன்னல் மேடையில் மூன்று ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் டீசல். அதற்குள் ஒரு ரப்பர் வளையம், ஒரு செம்புத் துண்டு. கதவில் இருந்த எண்கள் அந்த வளையங்களின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அளப்பார். மார்ச் 18 ஊருக்கு விடுமுறை, ஏப்ரல் 1 ஈஸ்டர் திங்கள். அன்றும் அளந்தார்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. மொனகன் நகருக்கு வடக்கே ஐந்து மைலில், பக்கத்து நாட்டு எல்லைக்குப் போகும் மேட்டுச் சாலையில், வீட்டை ஒட்டியே பட்டறை. எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்பும் அதைப் பீய்ச்சும் நாசிலும் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், "அது வேற ஆளு" என்று கையைச் சாலைப் பக்கம் காட்டுவார்.

பம்பு ஒன்று மேஜைக்கு வந்தால் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டார். அதிலிருந்து ஒரு சொட்டை இடது கட்டைவிரல் நகத்தில் விட்டு, கண்ணை மூடி முகர்வார். இரு விரல்களுக்கிடையே தேய்ப்பார். இன்னொரு சொட்டை ஒற்றுத்தாளில் விட்டு, காய்ந்தபின் வளையம் என்ன நிறத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் கழற்றுவார். கழற்றி முடித்ததும் கையை மூன்று முறை துடைப்பார்: ஒருமுறை துணியில், ஒருமுறை செய்தித்தாளில், ஒருமுறை கால்சட்டையில். அதன்பின் நோட்டுப் புத்தகம். "இருக்கலாம்" என்ற சொல் அந்த நோட்டில் எங்கும் கிடையாது. வண்டிக்காரர் முகம் சுளித்தால், நாற்பத்தோரு வருடமாகச் சொல்லிவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "பம்பு பொய் சொல்லாதுய்யா."

தபால் வந்தாலும் அப்படித்தான். பிரிப்பதற்கு முன்னால் உறையின் மூலையில் வந்த தேதியை எழுதியாக வேண்டும். "நான் செத்து விழுந்தாக்கூட, இந்த மனுஷன் என் நெத்தில தேதியப் போட்டுட்டுத்தான் டாக்டரைக் கூப்பிடுவான்" என்பாள் அவர் மனைவி டிம்ப்னா.

எல்லாம் தொடங்கியது பிப்ரவரி 5, செவ்வாய்க்கிழமை. ஃபெலிம் மக்கென்னாவின் சிறிய பேருந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், பதினொரு பிள்ளைகளோடு மேட்டில் நின்றுபோயிற்று. பம்பு மலக்கியின் மேஜைக்கு வந்தது. அவர் முகர்ந்தார், தேய்த்தார், ஒற்றுத்தாளில் விட்டார். காய்ந்த வளையத்தின் ஓரத்தில் இளம்பச்சை. உள்ளே திறந்தால் எஃகு குழிகுழியாக அரித்திருந்தது. கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் பிசுபிசுவென்று விரலில் ஒட்டின. பேருந்தின் தொட்டியில் மிஞ்சியிருந்ததிலிருந்து, வழக்கம்போல், இரண்டு லிட்டர் வடித்துத் தேதி ஒட்டி எடுத்து வைத்தார்.

பச்சை டீசல் வயலுக்கு உரியது. வரி குறைவு. அடையாளம் தெரிய அதில் சாயம் கலந்திருக்கும். அதை ஊற்றிக்கொண்டு சாலையில் ஓடினால், சுங்கக்காரன் தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்த அன்றே கதை முடிந்தது. இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அந்தச் சாயத்தின் மேல் ஒரு பழைய பகை உண்டு. சாயம் பம்பில் படியும், சாயம் அரிக்கும் என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். யாரும் சோதித்ததில்லை, எல்லோரும் நம்பினார்கள். மலக்கி எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

பேருந்து ஏன் நின்றது என்று பள்ளிப் பேருந்து அலுவலகம் எழுத்தில் கேட்டது. பிப்ரவரி 7 அன்று மலக்கி ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டார்: "பச்சை டீசல் ஊற்றியதால் பம்பு அழிந்தது." பிப்ரவரி 12 அன்று, பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற ஃபெலிமுக்குக் கொடுத்திருந்த தடம் நிறுத்தி வைக்கப்பட்டது. வேறொருவர் வண்டி அந்தப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கியது. கோடை விடுமுறைக்குள் ஃபெலிம் தன் மேல் குற்றமில்லை என்று காட்டாவிட்டால் தடம் நிரந்தரமாகப் போய்விடும்.

17-ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேவாலய வாசலில் நின்றிருந்தபோது ஃபெலிம் நேராக வந்தார்.

"மலக்கி! நான் வரித் திருடனா? இத்தனை பேர் முன்னாடி சொல்லு."

"நான் அப்படிச் சொல்லல. பம்பு சொல்லுச்சு. பம்பு பொய் சொல்லாது."

"அதுக்கு வாய் இல்லேங்குற தைரியத்துல நீ அதுக்குப் பதிலாப் பேசிட்டே. பத்தொம்பது வருஷம்யா! உன் பொண்ணையும் நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனேன். பச்சைல ஒரு சொட்டை அந்த வண்டிக்குக் காட்டினதில்ல."

"அப்ப மாட்டுக்குக் குடுத்திருப்பான். பால் என்ன கலர்ல வருதுன்னு பாருங்கப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஃபெலிம் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் நடந்தே போனார். வண்டிதான் நின்றுவிட்டதே.

மதியம் வேகவைத்த பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். டிம்ப்னா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நம்ம டிராக்டர் என்னத்தைக் குடிக்குது?"

"பச்சை."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின நாள்லேர்ந்து. எழுபத்தெட்டு, மே மாசம்."

"அதுக்கு எத்தனை பம்பு மாத்தினே?"

முள்கரண்டியில் குத்திய உருளைக்கிழங்கு அந்தரத்தில் நின்றது. மலக்கி எழுந்து பட்டறைக்குப் போனார். டிராக்டர் நோட்டை எடுத்தார். முப்பத்தைந்து வருடம்; பதினோராயிரத்து இருநூற்று நாற்பது மணி நேர ஓட்டம்; எண்ணெய் மாற்றிய தேதி, வடிகட்டி மாற்றிய தேதி, டயர், பேட்டரி எல்லாம் இருந்தன. "பம்பு" என்று தலைப்பிட்ட கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி. அவரே கோடு போட்டு, அவரே தலைப்பெழுதி, பக்கம் பக்கமாக வெறுமையாக விட்டுக்கொண்டே வந்த கட்டம். ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

திரும்பி வந்தபோது சாப்பாடு ஆறியிருந்தது.

"மாத்தல" என்றார்.

"ஊர்ல இருக்குற அத்தனை டிராக்டரும் அதைத்தானே குடிக்குது? சாயம் அரிக்கும்னா இந்நேரம் ஊர்ல ஒரு வயல் உழுதிருக்க முடியுமா?" என்றாள் டிம்ப்னா. "சாப்பிடு. சூடு பண்ணித் தரமாட்டேன்."

மறுநாள் காலை ஜாம் பாட்டில்கள் ஜன்னல் மேடைக்கு வந்தன. முதலாவதில் வெள்ளை, சாயம் கலக்காதது, சாலை வண்டிகளுக்கானது. இரண்டாவதில் பச்சை, தன் டிராக்டருக்கு வாங்கியதிலிருந்தே எடுத்தது. மூன்றாவதில் ஃபெலிமின் தொட்டியிலிருந்து வடித்தது.

ஏப்ரல் 29, கடைசி அளவு. முதல் இரண்டும் 24.02. செம்பு இரண்டிலும் புதுக் காசுபோல மின்னியது. மூன்றாவது வளையத்தைத் திருகு அளவியின் தாடைகளுக்கிடையே வைத்துத் திருகியபோது அது இரண்டாக உடைந்து மேஜையில் விழுந்தது. அதன் செம்பு அடுப்புக்கரி நிறம். எண் எழுத வேண்டிய இடத்தில் மலக்கி "உடைந்தது" என்று எழுதிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

சாயம் ஒன்றும் செய்யவில்லை. சாயத்தை எடுக்கப் போட்டதுதான் செய்திருக்கிறது. எல்லையோரத்தில் சில பேர் பச்சையை வாங்கி, அமிலம் ஊற்றி வெளுத்து, வெள்ளை என்று விற்கிறார்கள். மலக்கிக்கு இது தெரியாததல்ல. அவர்கள் சாலையோரத்தில் போட்டுவிட்டுப் போகும் கசடுத் தொட்டிகளை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறார். ஆனால் அந்தச் சரக்கு கெடுத்த பம்பு அவர் மேஜைக்கு வந்தது அதுதான் முதல்முறை. ஒற்றுத்தாளில் தெரிந்த இளம்பச்சை, கொஞ்சம் சேர்த்த பச்சை அல்ல. வெளுத்தும் போகாமல் மிஞ்சிய பச்சை.

முக்காலியில் உட்கார்ந்தபடி பழைய பம்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். துருப்பிடித்த தொட்டி, உள்ளே இறங்கிய மழைநீர், மாற்றாத வடிகட்டி. அத்தனைக்கும் சாயத்தின் தலையில் பழியைப் போட்டு அனுப்பியிருக்கிறார். சாயம் எதிர்த்துப் பேசியதில்லை. ஃபெலிம்தான் பேசினார்.

மலக்கி தேடிப் போனபோது ஃபெலிம் வேலியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து அடுத்தவர் பண்ணைகளில் கூலிக்கு வேலி கட்டுகிறார். மலக்கி உடைந்த வளையத்தையும் மூன்று செம்புத் துண்டுகளையும் கைக்குட்டையில் விரித்துக் காட்டினார்.

"எங்க வாங்கினே?"

"எல்லைக்குப் போற ரோட்டுல, புதுசா ஒரு பங்க் இருந்துச்சே, அங்கதான். இப்ப மூடிட்டுப் போயிட்டான்."

"வெள்ளைன்னுதான் குடுத்தானா?"

"வெள்ளைன்னுதான் எழுதியிருந்துச்சு. லிட்டருக்கு ஒம்போது சென்ட் குறைவு. அது என் தப்பு. சந்தேகப்பட்டிருக்கணும்." ஃபெலிம் கம்பியை விடாமலே பேசினார். "ரசீது அத்தனையும் பிஸ்கட் டின்னுல கிடக்கு."

"ரசீது இருக்கா? ஏன்யா சொல்லல?"

"நீ கேட்டியா?"

மலக்கி கைக்குட்டையை மடித்தார். ஒருமுறை விரித்து மறுபடி மடித்தார்.

"பம்பு பொய் சொல்லல, ஃபெலிம். படிச்சவன் தப்பாப் படிச்சுட்டான்."

"அதை எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? எழுதினேல்ல, எழுது."

அன்று மாலை சமையலறை மேஜையில் நான்கு முறை எழுதினார். மூன்றாவது தாளில் "சாயம் காரணமாக இல்லாமல் இருக்கலாம்" என்று வந்தது. டிம்ப்னா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "உனக்கு மட்டும் 'இருக்கலாம்' வருதாக்கும்" என்றாள். அந்தத் தாள் அடுப்புக்குப் போனது. நான்காவது இப்படித் தொடங்கியது: "பிப்ரவரி 7 அன்று நான் எழுதியது தவறு. பச்சைச் சாயம் பம்பை அழிக்காது. ஃபெலிம் மக்கென்னா வாங்கியது வெளுத்த டீசல்; வெள்ளை என்று நம்பி வாங்கினார்." கீழே கதவிலிருந்த எண்கள் அத்தனையும். செம்புத் துண்டுகளையும் ரசீதுகளின் நகலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

சந்தையில் செய்தி பரவ ஒரு திங்கட்கிழமை போதும். "மலக்கி, என் பழைய பம்புக்கு இப்ப யாருகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறே, எங்கிட்டயா, பம்புகிட்டயா?" என்று ஒருவர் மாட்டுப் பட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். மலக்கி திரும்பி, "உன் தொட்டில எலி செத்துக் கிடந்துச்சு. அது நோட்டுல இருக்கு" என்றார். ஆனால் பட்டறைக்குத் திரும்பியதும் அந்த நோட்டை எடுத்து, எலிக்குக் கீழே தான் எழுதியிருந்த "பச்சைச் சாயம்" என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தார். அந்த நோட்டுகளில் முதல் அடித்தல் அது. கோடையில் தினம் ஐந்து பக்கம் என்று பழைய நோட்டுகளைத் திருப்பி, சாயம் வந்த இடமெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

மே 9 அன்று அலுவலகம், கடிதம் கிடைத்தது என்று எழுதியது. மே 27 அன்று, முன்பு எழுதியதை மாற்றிச் சொல்பவரை எப்படி நம்புவது என்று கேட்டது. "நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள்" என்று மலக்கி பதில் போட்டு, மூன்று பாட்டில்களிலிருந்தும் தலா ஒரு சிறு குப்பி அனுப்பி வைத்தார்.

அதன்பின் ஒரு காலை, பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக, ஃபெலிம் பட்டறைக்குள் வந்தார். பிரிக்காத உறை ஒன்றை மேஜைமேல் போட்டார்.

"என் பேருக்கு வந்திருக்கு. நீயே படி. ஆரம்பிச்சவன் நீதானே."

மலக்கி துணியில் கையைத் துடைத்தார். செய்தித்தாளுக்குப் போகவில்லை, கால்சட்டைக்கும் போகவில்லை. எண்ணெய்க் கறையோடே உறையைக் கிழித்தார். அரைப் பக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து தடம் மீண்டும் ஃபெலிம் மக்கென்னாவுக்கு. அவர் அதைச் சத்தமாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

ஃபெலிம் கிழிந்த உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூலையில் தேதி இல்லை. மலக்கியின் காதின் மேலிருந்த சாக்கட்டியை உருவிக்கொண்டு கதவருகே போனார். "உடைந்தது" என்ற சொல்லுக்குக் கீழே, கோணல் எழுத்தில், அழுத்தி எழுதினார்:

ஜூன் 20, வியாழன்.