நார்மல் என்று நம்பி இழந்த விரல்கள்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திண்டிவனத்தில் மூட்டை தூக்கி, பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குச் சொந்த மண்டியே வைத்தவன். பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை விழுங்கிச் சலித்துப் போயிருந்தேன். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்ததும், நோயையே ஜெயித்துவிட்டதாக மண்டி முழுக்கப் பெருமையடித்து, மாத்திரையை நிறுத்தினேன்.

சில மாதம் கழித்து மனைவி அலறினாள்: "இன்னாங்க, தரையெல்லாம் ரத்தம்! கால்ல ஆணி ஏறிக்கினு இருக்குது, தெரியலையா?"

சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போயிருந்ததால் எனக்கு வலிக்கவே இல்லை. புண் அழுகி, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

"மாத்திரை போட்டதாலதாங்க பெரியவரே நார்மல்," என்றார் டாக்டர்.

"இவருக்கு யாரு சொல்றதுங்க? எல்லாம் தெரிஞ்சவராச்சே," என்றாள் மனைவி.

இப்போது ஒரு வேளை மாத்திரையையும் விடுவதில்லை. யாரிடமும் கைநீட்டாத நான், குளித்ததும் அவளிடம் காலை நீட்டுகிறேன். அடிப்பாதத்தில் காயமிருந்தால் அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.