நடுவிலிருந்து எடுத்த மூன்று இன்ச்

டெக்ஸஸில் ஆலன் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜில் இரண்டு கார் நிறுத்தலாம். ஒரு பாதியில் என் தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும் இருக்கின்றன. மறுபாதியில் என் வீட்டுக்காரர் வாங்கி வந்த பழைய இரண்டு கதவுக் கார் நிற்கிறது. அது எங்கள் இருவரையும் விட மூத்தது, எங்களைப் பெற்ற அத்தாமாரை விடவும் மூத்தது. ஓடுகிற கார்கள் இரண்டும் ஆலங்கட்டி மழையில் வெளியே நின்று அடி வாங்கும். ஓடாத இந்தப் பெரியவர் மட்டும் உள்ளே சொகுசாக இருப்பார்.

தையல் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலை பார்க்க அனுமதியில்லாத டிபென்டென்ட் விசாவில் வந்து இர்விங் அபார்ட்மெண்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில், என்னுடைய நல்ல பிளவுஸ் ஒன்றை நூல் நூலாகப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். திரும்பத் தைத்தபோது ஒரு கை உள்புறம் வெளியே வந்தது. மறுபடி பிரித்தேன். இப்படிப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டேன். கிரீன் கார்டு வந்ததும் அதையே தொழிலாக்கிக்கொண்டேன். இன்று ஆலனிலும் ஃபிரிஸ்கோவிலும் நம் பெண்கள் விசேஷத்துக்குக் கிளம்பினால் பாதிப் பேர் என் கை பட்டதைத்தான் போட்டிருப்பார்கள். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஃபிரிஸ்கோவிலிருந்து வரும் மைலாப்பூர் ஆன்ட்டி ஒருவர் அளவு கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வார்: “மூச்சு விடற அளவுக்கு லூஸ் விடும்மா, ரெண்டாவது தடவை பாயசம் வாங்கற அளவுக்கு வேண்டாம்.” இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு பிளவுஸில் பாயச அளவு என்று ஒரு அளவே உண்டு.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். சாஃப்ட்வேர்க்காரர், பேச்சு குறைவு. என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் “எதுன்னாலும் சரி” என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது வேண்டும் என்று அவர் வாய் திறந்து ஆசைப்பட்டது அந்தக் கார் ஒன்றுதான். அதிலும் ஒரு ஆசை இருந்தது. கூரையை மூன்று இன்ச் இறக்க வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டி, நடுவில் மூன்று இன்ச் எடுத்துவிட்டு, கூரையைத் திரும்பக் கீழே வைத்து ஒட்டுவது. அப்படிச் செய்தால் ஜன்னல்கள் ஒடுங்கி, கார் கண்ணை இடுக்கிக்கொண்டு முறைக்கிற மாதிரி ஆகிவிடும். இந்த ஊரில் அதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது.

“நல்லா இருக்கிற கூரைய எதுக்கு மச்சான் வெட்டணும்?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கிற துணிய நீ தினம் எதுக்கு வெட்டுற?” என்றார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் நண்பர் ஒருவரைக் கூட்டி வந்து வெட்டினார். எக்செல்லில் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார். எல்லாத் தூண்களிலும் டேப் வைத்து மூன்று இன்ச் குறித்து, பிஸ்மில்லா சொல்லி இரும்பு வெட்டும் மெஷினை வைத்தார். தீப்பொறி பறந்தது. நான் என் துணிகள் மேல் எல்லாம் போர்வை போட்டு மூடினேன். கூரையை மூன்று பேரும் தூக்கிப் பழைய கம்பளிமேல் வைத்தோம், வெட்டிய துண்டுகளை எடுத்தோம், கூரையைத் திரும்பத் தூக்கி வைத்தோம்.

கூரை உட்காரவில்லை. பின்பக்கத்தைப் பொருத்தினால் முன்தூண்களுக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. முன்னால் இழுத்துப் பொருத்தினால் பின்னால் நாலு விரல்.

“தள்ளிப் பார்ப்போமா?” என்றார் நண்பர்.

“எங்க தள்றது?” என்றார் இவர்.

நண்பர் எக்செல்லை இரண்டு தடவை பார்த்துவிட்டு, “ஷீட்ல தப்பு எதுவும் இல்ல, கார்லதான் ஏதோ தப்பு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கூரை கம்பளிமேலேயே கிடந்தது. இவர் கராஜ் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: “பழைய கார் பார்ட்ஸ் வாங்கறவர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை காலையில டிரெய்லர் கொண்டு வர்றார். இன்ஜின், கதவு, லைட் எல்லாம் கழட்டிப்பாராம். மிச்சம் இரும்புக்குப் போயிடும்.”

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாதிக் கராஜ் திரும்பக் கிடைக்கிறது. சந்தோஷம் வருவதற்குள் அவர் இன்னொன்று சொன்னார்: “இதெல்லாம் நம்ம கைக்கு வராது, புள்ள.”

அந்த ‘நம்ம’தான் எனக்குச் சுருக்கென்றது. தன் கையைச் சொல்லிக்கொள்ளட்டும். என் கைக்கு எது வரும், எது வராது என்று இவர் எப்போது பார்த்தார்? அதோடு, இந்த மனிதர் ஒரே ஒரு தடவை வாய் திறந்து ஆசைப்பட்டார். அதுவும் இரும்புக்குப் போய்விட்டால், இனி ஆயுசுக்கும் எதுன்னாலும் சரி என்றே இருந்துவிடுவார். எனக்கு அது தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை. நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது, கைநிறைய வேலை. மைலாப்பூர் ஆன்ட்டி தன் மகளுடைய லெஹெங்காவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குடை மாதிரி விரிகிற பாவாடை, உயரம் அதிகம். வழக்கமாக இடுப்பில் பிடித்துக் குறைப்போம், இல்லையென்றால் கீழே மடிப்போம். ஆன்ட்டி இரண்டுக்கும் தடை போட்டிருந்தார்: “இடுப்புல கல் வேலை, கீழ ஜரிகை பார்டர். ரெண்டு மேலயும் கத்திரி படக்கூடாது. நடுவுல மூணு இன்ச் எடுத்துடு.”

எடுத்தேன். மேல் துண்டைக் கீழ்த் துண்டின்மேல் வைத்தேன். கீழ்த் துண்டின் வாய் பெரிதாக இருந்தது, மேல் துண்டின் ஓரம் சிறிதாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? போகப் போக விரிகிற பாவாடையில் நடுவில் ஒரு வளையத்தை எடுத்துவிட்டால், மேலே இருப்பது குறுகலாகவும் கீழே இருப்பது அகலமாகவும்தான் நிற்கும். கீழ்த் துண்டில் தெரியாத மாதிரி பொடிச் சுருக்கு வைத்து இழுத்தால் சரியாகிவிடும். இது எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரில் கார், பக்கத்தில் அதன் கூரை.

முன்தூண்கள் பின்னால் சாய்ந்திருந்தன. பின்பக்கம் முன்னால் சாய்ந்திருந்தது. கீழே அகலம், மேலே குறுகல். இந்தக் காரும் பாவாடைதான் கட்டியிருக்கிறது. இவர் நடுவில் மூன்று இன்ச் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

சாயந்திரம் அவர் இர்விங் ஆபீஸிலிருந்து வந்து டீயைக் கையில் எடுத்ததும், லெஹெங்காவோடு போய் நின்றேன். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் பொருத்திக் காட்டினேன். டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தகரத்துல சுருக்கு வைக்க முடியாதே, புள்ள.”

“சுருக்கு வேணாம். மேல் துண்ட விரிங்க. கூரைய குறுக்கால ரெண்டா வெட்டி, முன்பாதிய முன்னால தள்ளி, பின்பாதிய பின்னால தள்ளி, நடுவுல ஒட்டு வைங்க.”

“வெட்டி வீணாப் போனத மறுபடி வெட்டச் சொல்ற.”

“ஆமா.”

“அதுவும் தப்பாயிட்டா?”

“தப்பானா சனிக்கிழமை அந்த ஆள் எடுத்துட்டுப் போகட்டும். எப்படியும் எடுத்துட்டுத்தானே போகப் போறார்?”

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து கராஜுக்குப் போனார். மூன்று வாரத்தில் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை அவர் ஆபீஸ் போனதும் நான் அளவெடுத்தேன். பார்சலில் வந்த பழுப்புத் தாளை வைத்துக் காருக்கு மாதிரி வெட்டினேன். குண்டூசி குத்த முடியாது என்பதால் ஃபிரிட்ஜ் மேலிருந்த காந்தங்களை எல்லாம் கழற்றி வந்து தாளைக் கூரையில் ஒட்டவைத்தேன். ஒட்டுத் துண்டுக்கு நடுவில் மூன்றரை இன்ச் அகலம் தேவைப்பட்டது. வலது ஓரத்திலும் மூன்றரை. இடது ஓரத்தில் கால் இன்ச் கம்மி. மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், கம்மிதான். மனிதர்களுக்கும் இப்படித்தான், இரண்டு தோளும் ஒரே அளவாக இருப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இதை எந்த எக்செல்லும் சொல்லியிருக்காது.

புதன்கிழமை அவருக்கு வீட்டிலிருந்து வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூரையை இரண்டாக வெட்டினார். அதே கனத்தில் வாங்கி வந்த தகட்டை என் தாள் மாதிரியை வைத்து நான் வெட்டினேன். இரண்டு பாதியையும் அளந்த இடைவெளி விட்டு வைத்து, நடுவில் தகட்டை வைத்துப் பார்த்தால் ஒரு இன்ச் அதிகம். அவர் என்னைப் பார்த்தார், நான் தாளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது.

“தையலுக்கு விட்டுட்டேன், மச்சான்.”

“என்னது?”

“ரெண்டு பக்கமும் அரை இன்ச். மடிச்சுத் தைக்க.”

அவர் சிரித்தார். வாய்விட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். தகரத்தை யாரும் மடித்துத் தைப்பதில்லை, ஓரத்தோடு ஓரம் வைத்து உருக்கி ஒட்டுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நல்லவேளை, அதிகமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சீவி எடுத்தேன். அந்தத் துண்டு போய் நடுவில் உட்கார்ந்தபோது நகம் நுழைய இடமில்லை.

வியாழக்கிழமை ஆன்ட்டி லெஹெங்கா வாங்க வந்தார். இரண்டாகப் பிளந்து கிடந்த கூரையையும், மேலே ஒன்றுமில்லாத காரையும், என் கழுத்தில் தொங்கிய டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, ஆல்டரேஷன்னு வந்துட்டா நீ எதையும் விடமாட்டியா?”

“அளவு கரெக்டா இருந்தா எதையும் விடமாட்டேன் ஆன்ட்டி.”

அவர் பாவாடையை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே எடுத்தேன் என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. “சொல்லித் தொலையேன்” என்றார். சொல்லவில்லை. போகும்போது காரைக் காட்டி, “அதுலயாவது தையல் தெரியும்படி விடு. நாலு பேர் கேட்கட்டும்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் வெல்டிங் ஆரம்பித்தோம். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே என்று வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். வலது பாதியை அவர் வைத்தார். முகமூடியைக் கழற்றி என்னிடம் நீட்டி, “இடது உன்னோடது. கால் இன்ச் உனக்குத்தான் தெரியும்” என்றார். முதல் இரண்டு புள்ளியும் எச்சில் துப்பியது போல இருந்தன. மூன்றாவதிலிருந்து கைக்குப் பிடிபட்டது. பட்டன் தைப்பது மாதிரிதான், அவசரப்படக்கூடாது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கூரையைத் தூக்கினோம். எக்செல் நண்பரும் வந்திருந்தார். இறக்கினோம். முன்னால் இரண்டு தூணும் தொட்டன. பின்னால் தொட்டது. பக்கத்தூண்கள் மட்டும் கொஞ்சம் வெளியே நின்றன, அவற்றை இவர் உள்ளே தட்டினார். நண்பர் மெதுவாக, “ஷீட்ட அப்டேட் பண்ணணும்” என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிரெய்லர் வந்தது. கொண்டு வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். டெக்ஸஸ்காரர், அகலத் தொப்பி. கராஜ் கதவு மேலே போனதும் அப்படியே நின்றார். உதிரியாகக் கழற்ற வந்தவர் முன்னால் கூரை வைத்த கார் நின்றது. புள்ளி புள்ளியாக ஒட்டியதுதான், முழு வெல்டிங் இன்னும் பாக்கி, கதவுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ஆனால் முறைத்தது. இவர் ஆசைப்பட்ட அதே முறைப்பு.

தொப்பிக்காரர் காரைச் சுற்றி வந்தார். கூரைமேல் உள்ளங்கையை வைத்து ஒட்டின் குறுக்கே தடவினார். வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் இரண்டு தடவை. யார் செய்தது என்று இவரிடம் கேட்டார்.

வெல்டிங் மெஷின் இவருடையது, கார் இவருடையது, பாதி வேலை இவருடையது. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: “வெட்டி வீணாக்கியது நான். சரி செய்தது இவள்.”

தொப்பிக்காரர் என் பக்கம் திரும்பி, கூரையைப் பிளந்து நீட்ட வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்றார். வருஷக்கணக்கில் இதைச் செய்பவர்களே இதில்தான் மாட்டிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். நான் பாவாடையைச் சொன்னேன். கையால் விரித்துக் காட்டி, நடுவில் எடுத்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, “யெஸ் மேம்” என்றார். பிறகு முழுக் காரையும் இப்படியே வாங்கிக்கொள்கிறேன், தருவீர்களா என்று கேட்டார்.

இவர் என்ன சொல்வார் என்று எனக்கு ஒரு நிமிஷம் பயம்தான். எதுன்னாலும் சரி என்று வாய் வரை வந்திருக்கும்.

“இல்ல. இது எனக்கு வேணும்” என்றார், தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று நினைவு வந்து, “நோ. ஐ வான்ட் இட்” என்றார்.

டிரெய்லர் வெறுமையாகத் திரும்பியது. இவர் கதவில்லாத காருக்குள் குனிந்து போய், ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார்.

“தலை இடிக்குதா மச்சான்?”

“இப்ப இல்ல. தொப்பி போட்டா இடிக்கும்.”

“அப்ப சீட்ட ரெண்டு இன்ச் இறக்கிடலாம்.”

“ஒன்றரை போதும்,” என்றார் அவர். “சீட் கவர் நீலத்துல வேணும். அடர் நீலம். ஓரத்துல வெள்ளைப் பைப்பிங் வைச்சு.”

நான் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டேன்.