குருத்தில் போட்ட பொடி

உழவர் சந்தையான ரைத்து பஜாரில் வாங்கிய மக்காச்சோளக் கதிரோடு ஓர் இலையும் வந்திருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் நீள நீளமான கருகல். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

ஆறு வயதில், அப்பா வேலை பார்த்த ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போயிருந்தேன். இப்படிக் கருகிய இலைகளைப் பொடித்து, பச்சைப் பசேலென்று நின்ற செடிகளின் குருத்தில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டே போனார்.

"மருந்தாப்பா இது?"

"இல்லம்மா, நோயி. எந்தச் செடி தாங்குதுன்னு பாக்கணும்ல."

"தாங்காதது?"

"அதையும் எழுதி வச்சுக்குவேன்."

மதியம் தயிர்சாதம் ஊட்ட வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அடிக்கடி காய்ச்சல் வருவது எனக்குத்தான், அண்ணனுக்கு வராது.

செடியின் நோய் மனிதருக்குத் தொற்றாது என்று இப்போது தெரியும். இருந்தும், இரண்டு முறை கை கழுவிவிட்டுத்தான் மகளுக்குக் கதிரை உரித்தேன்.